விளையாட்டுக்குச் சொன்னது

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்த மாத அறிக்கையில் "உறுப்பினர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுத் தங்கள் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டனர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பொய்யில்லை. ஆர்வமாகத்தான் பங்கேற்றார்கள். கருத்தும் சொன்னார்கள். சொன்னதில் ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டது சரிதான் என்று பல நாளும், சரியில்லை என்று சில நாளும் தோன்றிக்கொண்டிருக்கிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு மகளிர் குழு. ஊர்ப்பெயர் வேண்டாம். அன்று கோட்டு விளையாட்டு நடத்தினேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு வாக்கியத்தைப் படிப்போம். ஒத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கம், ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கம். முடிவு செய்ய முடியாதவர்கள் கோட்டின் மேலேயே நிற்கலாம். ஏன் அங்கே நிற்கிறோம் என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அடுத்தவர் சொன்னது நியாயமாகப் பட்டால் நடுவிலேயே பக்கம் மாறிக்கொள்ளலாம். தீர்ப்பு கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. தொடங்கும் முன் ஒரு விதியைச் சொல்லி எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைப்பேன்: "இங்க பேசினது இங்கயே இருக்கும்."

புளி சீசன் அது. ஆளுக்கொரு முறத்தில் புளியோடுதான் கூட்டத்துக்கே வந்திருந்தார்கள். கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. நான் எழுந்து நிற்கச் சொன்னதும் ஒரு பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுந்து எழுந்து நின்னா அந்தக் கூலிய நீ தருவியா கண்ணு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரி, உட்கார்ந்தபடியே நகருங்கள் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முறத்தை இழுத்துக்கொண்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். பிசுக்கு ஒட்டிய விரல்களை ஊன்றி ஊன்றி நகர்ந்ததில் சாக்பீஸ் கோடு பாதி அழிந்தே போனது.

முதலில் எப்போதும் லேசான வாக்கியங்கள்தான். களிக்குக் கீரையை விடக் கருவாட்டுக் குழம்புதான் பொருத்தம். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஏனென்றால் அங்கே மூன்று ஜோடி மாமியார் மருமகள் இருந்தார்கள். அப்புறம்தான் அந்த வாக்கியம்: "கடன் யார் பேரில் இருக்கிறதோ, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்."

எல்லா முறமும் ஒரே பக்கம் நகர்ந்தது. அதுதான் சரியான விடை என்று நாங்கள்தானே இத்தனை வருடமாகப் பாடம் எடுத்திருக்கிறோம். ஒரு பெண் மட்டும் நகரவில்லை. மடியில் குழந்தை இருக்கிறது, அதனால் நகரவில்லையோ என்று நினைத்து, "நீ எந்தப் பக்கம்மா?" என்றேன். உட்கார்ந்திருக்கிற இந்தப் பக்கம்தான் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"இது விளையாட்டுதானே மேடம்?"

"ஆமாம்மா, விளையாட்டுதான். தைரியமா சொல்லு."

"போன தடவை பேங்க்ல வந்ததுல என் பங்கை அக்கா வாங்கிக்கிட்டாங்க. கையெழுத்து நான்தான் போட்டேன். தவணையும் நான்தான் கட்டினு வரேன். அப்ப முடிவு பண்றது யாருன்னு நான் எப்படி மேடம் சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்ன அந்த அக்கா, குழுவை நடத்தும் ஊக்குநர், அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "நல்லா விளையாடறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். நான் அடுத்த வாக்கியத்தைப் படித்தேன்.

அந்த அடுத்த வாக்கியத்தை ஏன் படித்தேன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அங்கேயே இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அவள்தான் மாட்டியிருப்பாள். இருபது பேர் முன்னால், அதுவும் பணம் வாங்கியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் குடைவது நல்ல பயிற்றுநருக்கு அழகில்லை. இது உண்மை. மணி நான்கைத் தாண்டியிருந்ததும், இன்னும் ஐந்து வாக்கியம் பாக்கி இருந்ததும், தர்மபுரி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாததும் உண்மை. இதில் எந்த உண்மை என்னை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் சொன்னதில் விஷயம் இதுதான். வங்கி கடனைத் தனித்தனியாகக் கொடுப்பதில்லை, குழுவுக்குக் கொடுக்கிறது. குழு தீர்மானம் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறது. கடன் பேரேட்டில் அவரவர் பங்கும் கையெழுத்தும் இருக்கும். ஒருவர் பங்கை இன்னொருவர் வாங்கிக்கொண்டாலும் பேரேடு சுத்தமாகவே இருக்கும். தவணையும் நாள் தவறாமல் ஏறும். ஆய்வுக்கு வருகிறவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நல்ல குழு என்று எழுதிவிட்டுப் போவார். இப்படி ஒரு விஷயம் வெளியே வருவதற்கு யாராவது வாயைத் திறந்து சொல்வதைத் தவிர வேறு வழியே இல்லை. வாயைத் திறக்க வைப்பதற்குத்தான் நான் சாக்பீஸும் கையுமாகப் போகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது இங்கேதான். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் திட்டத்துக்கெல்லாம் முன்னோடி நாங்கள்தான் என்று ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் பெருமையாகச் சொல்வேன். பெண்ணின் கைக்கு நேரடியாகப் பணம் போக வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய ஏற்பாட்டில், தொடங்கிய மண்ணிலேயே, ஒருத்தி கையெழுத்து மட்டும் போடுகிறாள்.

சரி, எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலிருந்து ஆள் வரும். தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் வாங்கிப் பார்ப்பார்கள். தரம் பிரிக்கும்போது மதிப்பெண் குறையும், அடுத்த கடன் நிற்கும். நின்றால் அவளுக்கும் சேர்த்துத்தான் நிற்கும். எதனால் நின்றது என்பது அன்று முறத்தோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். அவள் அந்தத் தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

அன்று மாலையே ஊக்குநர் அக்கா என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். ஊர் எல்லை தாண்டும் வரை மாம்பூ இந்த வருஷம் எப்படிக் கொட்டிப் போயிற்று என்று பேசிக்கொண்டு வந்தவர், நிறுத்தத்தில் நின்றதும் ஆரம்பித்தார்.

"மேடம், அந்தப் புள்ள விளையாட்டுக்குச் சொன்னதை எழுதிடாதீங்க. அவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருந்தப்ப நான்தான் கைமாத்தா குடுத்தேன். அதுக்குத்தான் அவ பங்கை நான் எடுத்துக்கிட்டேன். அவ வீட்டுக்காரருக்கும் தெரியும்."

"அவ இதையெல்லாம் சொல்லலையே அக்கா."

"நீங்க கேக்கலையே மேடம்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கைமாற்று கொடுத்தவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அதில் என்ன தப்பு? தப்பில்லை என்றால் எழுதிவிடாதீர்கள் என்று ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்து சொல்வானேன்? வட்டி எவ்வளவு போட்டார், மீதி எவ்வளவு இருந்தது, அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். விதி விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கே பேசியது இங்கேயே இருக்கும் என்று நான்தானே எல்லோரையும் சொல்ல வைத்தேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், அந்த விதியை வைத்தது சொல்கிறவளைக் காப்பாற்ற. அன்று அது யாரைக் காப்பாற்றியது?

கொஞ்ச நாள் கழித்து பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தனியாகத்தான் இருந்தாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்திருந்தாள். மெதுவாகக் கேட்டேன். "அதுவா மேடம்? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள். ஊக்குநர் அக்கா சொன்ன அதே வார்த்தை. சொல்லிக் கொடுத்ததா, பயமா, நிஜமாகவே அவ்வளவுதானா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கைமாற்றுப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊக்குநர் என்னிடம் பேசியது அவளுக்குத் தெரிந்துபோகும். விட்டுவிட்டேன்.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகள் பயிற்றுநர்கள் வட்டாரத்தில் பிரபலம். மூன்று தொகுதி. மேலோட்டமாகத் தொடங்கிப் போகப்போக ஆழமாகும். முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்து மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளச் சொன்னால் சீக்கிரமே நெருக்கம் வருகிறது என்பது அவர்கள் கண்டது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சாப்பிடக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பது முதல் கேள்வி. பாலக்கோட்டில் ஒரு குழுவில் அதைக் கேட்டபோது, நடிகர் பெயர், தலைவர் பெயர் வரும் என்று காத்திருந்தேன். "செத்துப்போன எங்கம்மாவ" என்று ஒருவர் சொன்னார். வரிசையாகப் பாதிப் பேர் அதையே சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். அன்று மத்தியானம் அந்தக் குழு இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். விளையாட்டு வேலை செய்யாது என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் அந்தக் கேள்விகள் முன்பின் தெரியாதவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தவை. எங்கள் குழுக்களில் தெரியாதவர் யார்? மாமியார், நாத்தனார், கைமாற்று கொடுத்தவர், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனவர், எல்லோரும் அதே வட்டத்தில். மனதைத் திறந்து பேசு என்று சொல்வது சுலபம். பேசி முடித்ததும் அவர்களோடுதான் வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.

என் சக பயிற்றுநர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, கோட்டை அழித்துவிட்டுப் பட்டிமன்றம் வை என்றார். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் யார் பேச்சும் யார் சொந்தக் கருத்தும் ஆகாது, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்பது அவர் வாதம். நம் ஜனங்களுக்குப் பழக்கமான வடிவமும்கூட. செய்து பார்த்தேன். காரிமங்கலம் பக்கம் ஒரு குழுவில், வாயே திறக்காத ஒரு பெண்மணிக்கு "கடன் பணத்தைக் கணவன்தான் செலவு செய்ய வேண்டும்" என்ற பக்கம் விழுந்தது. பத்து நிமிஷம் கொளுத்தித் தள்ளினார். கணவர் மாதிரியே கையை ஆட்டி, அதட்டி, குரலைக் கூட மாற்றி. சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவர் எதையும் சொல்லவும் இல்லை. அழகான ஏற்பாடு. எனக்கும் வசதி. அறிக்கையில் எழுத ஒன்றுமே இல்லை. அந்த வசதிதான் பிடிக்கவில்லை.

இப்போது விதியை மாற்றிவிட்டேன். "யார் சொன்னாங்கன்னு வெளியே சொல்ல மாட்டேன், ஆனா விஷயத்தை எடுத்துக்கிட்டுப் போவேன்" என்கிறேன். முன்னதை விட நேர்மையான விதி என்று நம்புகிறேன். பேச்சு குறைந்துவிட்டது. பக்கத்து ஊரில் இப்படி நடந்ததாம், யாரோ சொன்னார்கள் என்றுதான் இப்போது ஆரம்பிக்கிறார்கள். பழைய விதி இருந்திருந்தால் அந்தப் பெண்ணைப் போல இன்னும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். சொல்லி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் அந்தக் குழுவின் அடுத்த கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தீர்மான நகலில் அவள் கையெழுத்தும் இருந்தது, எல்லோருக்கும் சமப் பங்கு என்று எழுதியிருந்தது. பயிற்சி முடித்ததற்கான சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கூடவே, பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். யாரையும் காட்டிக் கொடுக்காத வரி, எல்லாக் குழுவுக்கும் எழுதக்கூடிய வரி. சக பயிற்றுநர் அதை வாங்கிப் படித்தார். "கணக்குல விழுந்ததை ஏடிஎம்ல எடுத்து அக்கா கையில குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை மேலே அனுப்ப வேண்டிய கட்டில் வைத்தார்.