அப்பாவின் மாருதி: துரு எடுக்கும் நாட்கள்

ஜூலை 5, சனி

மாருதி 800-ஐக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினோம். தோப்பிலிருந்து கிருஷ்ணகிரி மண்டிக்குக் கூடை கூடையாக மாங்காய் சுமந்த வண்டி. இடது கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது. காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். மேலே கப்பென்று பிடித்தது; அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. அங்கே இருப்பது தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பட்டிதான். நான்கு வருடம் முன்பு ஒரு பட்டறையில் துருவைச் சுரண்டாமல் மேலேயே பூசி அனுப்பியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

டிங்கரிங் அண்ணன் வந்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். சதக்கென்று உள்ளே போனது. “இது வெளியிலிருந்து வரலை தம்பி, உள்ளேயிருந்து அரிச்சிருக்கு” என்றார். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் வடிய, கதவின் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. மூன்றும் அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குடைந்தேன். செம்மண்ணும் மாஞ்சருகும் சேர்ந்து களியாக விழுந்தன, இன்னும் ஈரம் காயாமல்.

ஜூலை 12, சனி

அரித்த பட்டையை வெட்டிவிட்டு அண்ணன் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார். மீதியெல்லாம் என் வேலை. கிரைண்டரில் வயர் பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள். துரு தெரியும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் அகலம் நல்ல தகரம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். அப்படியும் ஊசிக்குழிகளில் கறுப்புப் புள்ளிகள் அசையவில்லை. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, காயவிடாமல் தேய்த்தேன். மூன்றாம் தடவைதான் குழி சுத்தமானது.

கழுவித் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தகரம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம்! வெறும் தகரத்தில் துளி ஈரம் தங்கினால் போதும், உடனே பூத்துவிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி தேய்த்து, தின்னரில் துடைத்து, கையோடு எபாக்சி பிரைமர், தகரத்தில் ஈரம் படாமல் காக்கும் அடிப்பூச்சு. பட்டி அதற்கு மேல்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகரத்தில் அதை அப்பினால் பழைய கதைதான். எபாக்சிக்குப் பதில் சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரே போதும் என்று அண்ணன் சொன்னார். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக்காற்றில் புழுதி பறக்கிறது, பெயிண்ட்டைத் தள்ளிவைத்தோம். சாயங்காலம் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி இடுக்கில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மூன்று ஓட்டையிலும் சொட்டியது.