கத்திரி வெயிலும் உப்புத் தண்ணீரும்: சூடேறும் எஞ்சினின் காரணத்தைத் தேடுதல்

கத்திரி தொடங்கிவிட்டால், நம் திருநெல்வேலி மாவட்டத்துச் சாலைகளில் பானெட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும் கார்களை அடிக்கடி பார்க்க நேர்கிறது. வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கிடைத்த தண்ணீரை ஊற்றி வண்டியை நகர்த்துவதே பெரும்பாலோரின் வழக்கம். வெயிலுக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுத்துவரும் கூலன்ட் திரவத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கையில் வெளிக்காற்று 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 70; அதே காற்று 40 டிகிரியாகிவிட்டால் வேறுபாடு 55தான். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகத் திறன் குறைந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறைவையும் தாங்கும்படிதான் ரேடியேட்டரின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே, நல்ல நிலையிலுள்ள எஞ்சின் மே மாதத்துப் பாளையங்கோட்டை வெயிலிலும் கொதிக்காது. கொதித்தால், மார்கழியில் வெளியே தெரியாமல் இருந்த ஒரு குறையை வெயில் காட்டிக் கொடுத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ராதாபுரம் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவின் பெட்ரோல் கார் இப்படித்தான் பல மாதங்களாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள். பிறகு, சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குச் செல்லும் கூலன்ட் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். செலவு கூடியதே தவிரக் குறை தீரவில்லை. "எலே, ஊருக்குள்ள ஒண்ணும் செய்ய மாட்டேங்கு, ரோட்டுல ஏறுனாத்தான் முள்ளு மேல போகுது" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. சூடு எப்போது ஏறுகிறது என்று பாகங்களைக் கழற்றிய எவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

அதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் சூடேறி, வண்டி வேகமெடுத்தவுடன் இறங்கினால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில், அதாவது ஃபேனிலோ அதன் ரிலேயிலோ ஃபியூஸிலோ வெப்ப சென்சாரிலோ இருக்கும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்குத்தான் ஃபேன் தேவை. இதற்கு மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது சூடேறினால், காற்று போதிய அளவில் வருகிறது, தண்ணீரோட்டம்தான் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சுதலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் மேலே ஓடினால், மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டையோ, கூலன்ட் இல்லாமையையோ, எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதையோ நினைக்க வேண்டும். மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையைப் போன்ற இடங்களில் மட்டும் சூடேறும் வண்டி மற்றொரு வகை. தாழ்ந்த கியரில் எஞ்சின் முழு உழைப்பைக் கொடுக்க, வேகமோ எதிர்க்காற்றைத் தருமளவு இல்லாததால், ஃபேனின் சிறு தளர்ச்சியும் ரேடியேட்டரின் அரைகுறை அடைப்பும் அங்கே ஒன்றுசேர்ந்து வெளிப்படுகின்றன.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியன்று. பல கார்களில் கூலன்ட் எண்பது டிகிரியில் இருந்தாலும் நூறில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். சில புதிய கார்களில் முள்ளே கிடையாது, ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைவதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் படிக்கும் சிறு கருவி ஒன்று போதும். சென்சார் சொல்லும் உண்மையான டிகிரி தெரிந்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூலன்ட் பெருமளவு வற்றிவிட்டால், தண்ணீருக்குள் இருக்க வேண்டிய சென்சார் காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் குறைவான சூட்டைக் காட்டக்கூடும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமின்றிச் சட்டென விழுந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

அந்தக் கருவியைச் செருகிக்கொண்டு, சித்தப்பாவை அருகில் உட்காரவைத்து, நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் நோக்கி ஓட்டிப் பார்த்தேன். காலையில் எஞ்சின் எண்பது டிகிரியை எட்டவே வெகுநேரம் எடுத்தது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினின் அடையாளம் அது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தொண்ணூறைச் சுற்றி நின்ற எண், வேகம் தொண்ணூறைத் தாண்டி, ஏசியும் ஓடியபோது, இடைவிடாமல் மெல்ல மெல்ல ஏறி நூற்றைக் கடந்தது. வேகத்தைக் குறைத்ததும் அதே நிதானத்தில் இறங்கியது. ஏசியைப் போட்டவுடன் ஃபேன் சுழன்றது. ஏசியை அணைத்து, நின்ற நிலையில் எஞ்சினைச் சூடேறவிட்டபோதும் உரிய வெப்பத்தில் தானாகவே சுழலத் தொடங்கியது. இந்த இரண்டு சோதனைகளையும் தனித்தனியே செய்ய வேண்டும். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்குச் சுழலாத ஃபேனாக இருந்தால் மோட்டாரை மாற்றுவதில் பயனில்லை, சென்சாரையும் ரிலேயையும்தான் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் ஃபேன் குற்றமற்றது என்பதும், முன்பு மாற்றிய மோட்டாருக்கான செலவு வீண் என்பதும் இத்துடன் உறுதியாயின.

அடுத்து முன்பக்கத்தைப் பார்த்தோம். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் வட்டாரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இது மிக முக்கியமானது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்று புழுதியையும் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதன் பின்னாலுள்ள ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் அடைத்துவிடும். முன்னால் நின்று பார்க்கையில் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் உள்ளே படிந்திருப்பது புலப்படும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, வேகம் குறைந்த தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் குழாயின் முழு அழுத்தத்தை நேராகப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும். சித்தப்பாவின் வண்டியில் அழுக்கு இருந்தது, ஆனால் இவ்வளவு சூட்டுக்குக் காரணமாகும் அளவு இல்லை.

பிறகு, எஞ்சின் சூடாக ஓடும்போது இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டரின் முகப்பை அங்குலம் அங்குலமாக அளந்தேன். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கத்துக்குச் சூடு படிப்படியாகக் குறைவது இயல்பு. இங்கோ நடுப்பகுதியில் பல குழாய்கள் சுற்றியுள்ளவற்றைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தன. அந்தக் குழாய்களில் கூலன்ட் ஓடவே இல்லை. முழுவதும் ஆறவிட்டு மூடியைத் திறந்தபோது, வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் படிவு குழாய்களின் வாயிலேயே தெரிந்தது. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அழுத்தம் விடுபட்டவுடன் உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும்.

பழைய ரேடியேட்டர் வேலை தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். அவரிடம் காட்டியபோது, "எந்த ஊர்த் தண்ணி ஊத்துதிய?" என்பதையே முதலில் கேட்டார். வீட்டு போர்வெல் தண்ணீர் என்று சித்தப்பா சொன்னார். நம் மாவட்டத்தின் கடலோரப் பக்கத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டவுடன் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவர்களில் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி, விரைவாகப் படிகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கைத்தான் இந்தப் படிவு கடத்தும். தண்ணீரிலுள்ள குளோரைடு உப்புகள் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிப்பது வேறு.

ஆயினும் உப்புத் தண்ணீரே முதற்காரணம் என்று அங்கே நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. கூலன்ட் ஓடுவது மூடிய சுற்று. ஒரு முறை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ஒரு முறைதான் படியும். அது ஒரு ரேடியேட்டரை அடைக்கப் போதாது. இவ்வளவு படிந்திருக்கிறதென்றால், தண்ணீர் தொடர்ந்து வெளியேறிக்கொண்டும், ஊற்றப்பட்டுக்கொண்டும் இருந்திருக்க வேண்டும். விசாரித்தால், வாரந்தோறும் ஒரு பாட்டில் ஊற்றுவது நெடுநாள் பழக்கம் என்று தெரிந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடிக்காமல் புது ரேடியேட்டர் போட்டிருந்தால், சில ஆண்டுகளில் அதுவும் அடைத்திருக்கும்.

போன இடம் இரண்டு. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து காய்ந்த கறை ஒழுகியிருந்தது. உள்ளேயுள்ள சீல் தேய்ந்தால் கசிவு அந்தத் துளை வழியாக வெளியே தெரியவேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, ரேடியேட்டர் மூடி. அதன் மேல் 1.1 என்று அச்சிட்டிருப்பது பார் என்ற அலகில் அழுத்த அளவு; நல்ல மூடி அந்த அழுத்தத்தைத் தாங்கும்போது, வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காது. இவருடைய மூடியின் ரப்பர் வெடித்து இறுகிப்போயிருந்தது. அழுத்தமே நிற்காத சுற்றில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. எஞ்சினில் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது. சூட்டுப் புகாரோடு வரும் எந்த வண்டிக்கும் இதை முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவு செய்யுமுன் ஹெட் கேஸ்கட் தப்பித்திருக்கிறதா என்று பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகவில்லை. திறந்த வாயில் தொடர்ச்சியான குமிழிகள் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறமாகவில்லை. நீலத் திரவச் சோதனையும் செய்தோம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். அது நீலமாகவே இருந்தது. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமன் செய்யும் பெருஞ்செலவு இல்லாமற் போயிற்று.

பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டர்களின் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய தகட்டை விட்டுச் சுரண்டிவிடலாம். இது பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் குழாய்களும் கொண்டது. அந்த வேலை இதற்குச் சரிவராது என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். புதிய ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மூடி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றினோம். கழிவறை கழுவும் ஆசிடை ஊற்றி எஞ்சினுக்குள் சுத்தம் செய்யும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது சுண்ணாம்போடு அலுமினியத்தையும் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, சூடேற்றி, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசினோம்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது; அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாக எரிபொருள் குடிப்பதும் உண்டு. சந்தேகமிருந்தால் அதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். மேலே பொறித்துள்ள 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். பொருத்தும்போது அதன் சிறு காற்றுத் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும்.

நிரப்பியது பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். பனி விழாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று சித்தப்பா கேட்டார். அதிலுள்ள அரிப்புத் தடுப்புப் பொருள்கள்தான் நமக்குப் பெரிய பயன். கொதிநிலையும் சில டிகிரி உயர்கிறது. முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் சுழன்று நிற்கும்வரை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினோம். அதே சாலையில், அதே வேகத்தில், ஏசியோடு ஓட்டியபோது எண் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை.

இனி அளவு குறைந்தால் ஊற்றுவதற்கு முன் எனக்குச் சொல்லும்படி சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். டிக்கியில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரும் வைத்தாயிற்று. வழியில் அதுவும் தீர்ந்துபோனால், போர்வெல் தண்ணீரைத் தவிர்த்து, உப்புக் குறைவான தாமிரபரணிக் குடிநீரை ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். வந்தபின் கசிவைச் சரிசெய்து, முழுவதையும் வடித்து, புதிதாக நிரப்பிவிட வேண்டும்.