கூண்டு ஏறினால் கப்பல் வெளியே: சென்னைத் துறைமுகத்தில் 1908 சட்டத்தோடு வேலை செய்த அனுபவம்

‘சென்னைத் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று செய்தி வந்ததும் ஊரில் ஜன்னல் சாத்துவார்கள். உள்ளே பெர்த்தில் (துறைமேடையில்) கட்டியிருக்கும் கப்பலில் அதே நேரம் கடலுக்குப் போகும் வேலை தொடங்கும். புதிதாக டெக்கில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: புயல் வரும்போது துறைமுகத்துக்குள் இருப்பதுதானே பத்திரம்? மற்ற ஊர்களில் அப்படி இருக்கலாம், மெட்ராஸில் இல்லை. இங்கே வெள்ளைக்காரன் எழுதிவைத்த விதிகளைப் படிக்கும் முன் அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மெட்ராஸ் இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, படகில் சரக்கை இறக்கிய இடம். 1746 அக்டோபரில் கோட்டையைப் பிடித்த கையோடு பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் இந்தத் திறந்த கடலில்தான் புயலுக்குச் சிதைந்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில் இருந்தபோது, 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. கிழக்கே பார்த்திருந்த வாயிலைப் பின்னால் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். அப்படியும் புயல் நேரத்து நெடிய அலை உள்ளே புகாமல் இல்லை. மேலே தண்ணீர் பெரிதாகக் கொந்தளிக்காது. ஆனால் கப்பல் பெர்த்தை ஒட்டி முன்னும் பின்னும் ஓடும். எத்தனை கயிறு போட்டாலும் ஒவ்வொன்றாக அறும். கட்டவிழ்ந்த ஒரு கப்பல் பக்கத்துக் கப்பலையும் சுவரையும் இடிக்கும். வாயிலில் போய் அமர்ந்தால் துறைமுகமே மூடிக்கொள்ளும்.

அதனால் ஹார்பர் மாஸ்டர் (துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்தை நடத்தும் அதிகாரி) ‘வெளியே போ’ என்று சொன்னால் அதில் பேரம் இல்லை. அந்த அதிகாரம் 1908ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டத்திலிருந்து வந்தது. 2025இல் புதுச் சட்டம் வரும்வரை அதுதான் நடைமுறை. எங்கள் தலைமுறை வேலை கற்றது முழுக்க அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான்.

முதலில் கூண்டைப் படிக்கத் தெரிய வேண்டும். 1864இல் கல்கத்தாவை அழித்த புயலுக்கு மறு ஆண்டு அங்கே எச்சரிக்கைச் சேவை தொடங்கியது. 1898இல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறை வந்தது. பகலில் கறுப்புக் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும். 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று பத்திரிகைகள் எழுதுவது முழுச் சரி இல்லை. 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் திசை. 5 (அதன் மூத்தது 8) என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரையேறும். இங்கே காற்று வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு என்று தரையிலிருந்து அடிக்கும். 6 (மூத்தது 9) என்றால் துறைமுகம் வலப்பக்கம். புயல் தெற்கே கரையேறும். காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று கடலிலிருந்து அடித்து கப்பலைக் கரைக்குத் தள்ளும். கப்பல்காரனுக்கு 5ஐவிட 6 பல மடங்கு மோசம். 7ம் 10ம் நேராக மேலே வருவது. சிறு துறைமுகங்களில் 3, 4, 7, 10, 11 மட்டுமே ஏற்றுவார்கள். அங்கே 5 ஏன் வரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

1ஆம் எண்ணிலேயே கேட்க வேண்டிய கேள்வி இயந்திர அறைக்கு: மெயின் எஞ்சினில் எதையாவது பிரித்துப் போட்டிருக்கிறீர்களா? ஹார்பர் மாஸ்டர் அனுமதி இல்லாமல் பெர்த்தில் எஞ்சினைச் செயலிழக்கச் செய்யக் கூடாது. அனுமதி வாங்கியிருந்தாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிஸ்டன் திறக்கும் வேலையைச் சென்னையில் வைக்காமல் இருப்பதே புத்தி. வெளியே போகச் சொன்ன பிறகு ‘ஒரு யூனிட் திறந்திருக்கிறது’ என்று சொல்லும் சீஃப் எஞ்சினியரை எந்தத் துறைமுகமும் விரும்பாது.

அடுத்தது பாலாஸ்ட், அதாவது கப்பல் நிலையாக நிற்க டேங்குகளில் ஏற்றும் கடல்நீர். இங்கேதான் நேரம் கைநழுவும். சரக்கு பாதி இறங்கிய கப்பல் உயரமாக நிற்கும். காற்றுக்குப் பெரிய பக்கத்தைக் காட்டும். ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். 10,000 கன மீட்டர் பாலாஸ்ட் ஏற்ற வேண்டும், மணிக்கு 500 கன மீட்டர் தள்ளும் பம்ப் இரண்டு என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 10 மணி நேரம். அதை 4ஆம் எண் வந்த பிறகு தொடங்கினால் பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வழிநடத்துபவர்) வந்து நிற்கும்போது டேங்க் பாதியில் இருக்கும். பாதி நிறைந்த டேங்க் காலி டேங்கைவிடக் கெட்டது. உள்ளே தண்ணீர் புரளப் புரளக் கப்பலின் நிமிரும் பலம் குறையும். மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் சரக்காக இருந்தால் ஹோல்டில் (சரக்கறையில்) குவிந்த மேட்டைச் சமன் செய்துவிட்டுத்தான் மூடியைச் சாத்த வேண்டும். கிரேன் கொக்கிகளைக் கட்டுவது, கேங்வே எடுப்பது, கரைக்குப் போன ஆட்களைத் திருப்பி அழைப்பது இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. டீசலும் குடிநீரும் குறைந்தது ஐந்தாறு நாளுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு. அலை உள்ளே வரத் தொடங்கியதும் ஸ்பிரிங் கயிறுகளே (கப்பல் முன்னும் பின்னும் ஓடாமல் பிடிப்பவை) முதலில் பாடும். ஃபேர்லீடில் (கயிறு கப்பலை விட்டு வெளியேறும் வழியில்) உரசும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்: பாலிப்ரோப்பிலீன் நார் சூட்டில் உருகி, மேலே கண்ணாடிபோல் இறுகியிருந்தால் அந்தக் கயிறு அன்றிரவு தாங்காது. இடத்தை மாற்றுங்கள், இல்லை கயிற்றையே மாற்றுங்கள். இழுபட்டிருக்கும் கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடக் கூடாது. பழைய சட்டத்தின் 9ஆம் பிரிவு, அவசரம் என்றால் துறைமுகத்தின் கன்சர்வேட்டர் (துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி) கப்பல்களுக்கு ஆபத்தான எந்தக் கயிற்றையும் வெட்டலாம் என்றது. 25ஆம் பிரிவுப்படி, வேறு கப்பலை நகர்த்த உங்கள் கப்பலில் கயிறு கட்டச் சொன்னால் மறுக்க முடியாது என்று இருந்தது. சொல்லும்வரை அவிழ்க்கவும் முடியாது. 26ஆம் பிரிவு, பிற கப்பல்களுக்கு ஆபத்து வரும்படி சூரியன் மறைந்த பின் கயிற்றை நீட்டிவைக்கக் கூடாது என்றது. இவையெல்லாம் பாய்மரக் காலத்து வாசனை அடிக்கும் பிரிவுகள். இரண்டு மூன்று கப்பல் ஒரே இரவில் கிளம்பும்போது ஒவ்வொன்றும் எதற்கு என்று விளங்கும். மிதவையிலோ அதன் சங்கிலியிலோ சிக்கிக்கொண்டால் நீங்களே மிதவையைத் தூக்கி விடுவிக்கப் பார்க்காதீர்கள். உயிர்போகும் அவசரம் தவிர, கன்சர்வேட்டருக்குச் சொல்லி அவர் உதவியோடுதான் விடுவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 13ஆம் பிரிவு. செலவு கப்பலுடையதாக இருந்தது.

காகித வேலையில் மாட்டுவது இரண்டு இடத்தில். பழைய சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி துறைமுகக் கட்டணம் தீராமல் போர்ட் கிளியரன்ஸ் (துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் அனுமதி) கிடைக்காமல் இருந்தது. நீங்கள் வேறு துறைமுகத்துக்குப் போகவில்லை, திரும்பி வரப்போகிறீர்கள் என்பதை ஏஜெண்ட் எழுத்தில் வைத்து, என்ன அனுமதி தேவை என்பதை 2ஆம் எண்ணிலேயே கேட்டுவிட வேண்டும். கப்பலின் மூலச் சான்றிதழ்கள் ஏஜெண்டின் பையில் இருந்தால் அப்போதே கைக்கு வாங்குங்கள். இரவு ஒரு மணிக்கு அலுவலகம் பூட்டியிருக்கும்.

பழைய சட்டத்தின் 31ஆம் பிரிவு பொருந்தும் என்று அறிவிக்கப்பட்ட துறைமுகத்தில் 200 டன்னும் அதற்கு மேலுமான கப்பல் பைலட்டோ ஹார்பர் மாஸ்டரோ அவர் உதவியாளரோ இல்லாமல் நகரக் கூடாது என்று இருந்தது. பைலட்டுகள் சிலர், டக் (இழுவைப் படகு) சில, கப்பல்கள் பல. வரிசை உங்கள் கையில் இல்லை. அலை ஏறிவிட்டால் பைலட் படகு கப்பலை அணுக முடியாது, ஏணியில் இறங்குவது உயிரோடு விளையாட்டு. எனவே உங்கள் முறை வந்தபோது தயாராக இல்லை என்றால் அடுத்த முறை வராமலே போகலாம். வாயிலைத் தாண்டும்போது வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். வேகம் குறைவான அந்தச் சில நிமிடங்களில் அதற்கு இடம் விட்டு ஹெட்டிங் (கப்பலின் முகத் திசை) வைக்கச் சொல்லுங்கள்.

வெளியே போய் நங்கூரம் போடுவது வெளியே போனதாகாது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற டாங்கர் சென்னைக்கு வெளியே நங்கூரம் இழுபட்டு, பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டியது. உயிர்ப்படகில் இறங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். மேற்கே கரை இருக்கிறது என்பதை ஒரு நிமிடமும் மறக்காமல் கடல்வெளியைச் சம்பாதிக்க வேண்டும். காற்றைப் பார்த்து நின்றால் மையம் உங்கள் வலப்பக்கம், 90 முதல் 135 டிகிரிக்குள். காற்று வலஞ்சுழியாக மாறினால் நீங்கள் அபாயப் பாதியில். காற்றை வலது முன்பக்கத்தில் வாங்கி முன்னேறுங்கள். இடஞ்சுழியாக மாறினால் வலது பின்பக்கத்தில் வாங்கி ஓடுங்கள். பாரமானியைப் பகல் இரவு ஏற்ற இறக்கத்துக்குத் திருத்தியபின், அந்த மாதச் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சந்தேகம், 5 குறைந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

திரும்பும்போது அவசரப்படாதீர்கள். மிதவைகள் இடம் மாறியிருக்கும், வாயிலில் மணல் சேர்ந்திருக்கும். துறைமுகம் ஆழம் அளந்து முடிக்கும்வரை பழைய ஆழத்தை நம்பி வரக் கூடாது. துறைமுகத்தை விட்டுப் போன கப்பல் மோசமான வானிலையால் திரும்பி வர நேர்ந்தால் மறுபடி போர்ட் டியூஸ் (துறைமுகக் கட்டணம்) இல்லை என்று பழைய சட்டம் சொன்னது. உத்தரவின் பேரில் வெளியே போய் வந்த கப்பலுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதில் கணக்குப் பிரிவோடு வாக்குவாதம் வரும். வெளியேறச் சொன்ன உத்தரவின் நகல், அது கிடைத்த நேரம், பைலட் ஏறிய இறங்கிய நேரம் மூன்றும் லாக் புத்தகத்தில் இருந்தால் ஏஜெண்ட் பேசிக்கொள்வார். சேதம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், ஹோல்டைத் திறக்கும் முன்பே கேப்டன் நோட்டரியிடம் புரொட்டஸ்ட் (சேதத்துக்குப் புயலே காரணம் என்னும் முறையான அறிக்கை) பதிவு செய்துவிட வேண்டும்.