சாருக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும்

பேராசிரியர் ஒருவர் காலமானால் காரியமும் வருஷத் திதியும் பிள்ளைகள் பொறுப்பு. வருஷக்கணக்காகக் கூடவே இருந்த மாணவருக்கும் நண்பருக்கும் அதில் என்ன வேலை என்றுதான் பலரும் ஒதுங்கி நிற்கிறார்கள். வேலை இருக்கிறது. தாய்வழி, தந்தைவழி முன்னோருக்கு அப்பால் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு. குருவும் சிநேகிதரும் அதில் வருகிறவர்கள்தாம். அவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட, திருவாரூர் மாவட்டத்துத் திலதர்ப்பணபுரியை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஊர்ப்பேச்சில் செதலபதி. சம்பந்தர் பாடிய திலதைப்பதிதான் அப்படித் தேய்ந்தது. திலம் என்றால் எள். ராமர் இங்கே தசரதருக்கு மட்டும் பிண்டம் வைக்கவில்லை, ஜடாயுவுக்கும் சேர்த்தே வைத்தார் என்கிறது தலபுராணம். ஜடாயு ரத்த உறவா என்ன? அப்பாவின் நண்பர். வைத்த பிண்டங்களே லிங்கங்களாயின என்று இங்குள்ள முக்தீஸ்வரர் கோயில் கருவறைக்குப் பின்னால் நான்கு லிங்கங்களைக் காட்டுவார்கள். மண்டியிட்டுத் தர்ப்பணம் செய்யும் ராமரையும் பார்க்கலாம்.

மயிலாடுதுறை–திருவாரூர் ரயில் பாதையில் பூந்தோட்டத்தில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம். அமாவாசைக்காகக் காத்திருக்க வேண்டாம்; இங்கே எல்லா நாளும் அமாவாசைக்குச் சமம் என்பது ஐதீகம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், உச்சிப்பொழுதுக்குப் பிறகு நடை சாத்திவிட்டால் மாலைதான் தரிசனம். பல குடும்பங்களில் முதல் வருஷத் திதி முடியும்வரை மற்றவர்கள் தர்ப்பணம் செய்வதை விரும்புவதில்லை. வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

புரோகிதர் உட்கார்ந்ததும் கேட்பது பெயரும் கோத்திரமும். கூட்டமே திகைப்பது இங்கேதான். எல்லோருக்கும் அவர் ‘சார்’, மிஞ்சினால் இரண்டு இனிஷியல். பாடத்தில் அவர் சொன்னதெல்லாம் வரிக்கு வரி ஞாபகமிருக்கும், இனிஷியலின் விரிவு ஒருவருக்கும் தெரியாது. முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திதி பார்த்துப் போவதானால் இறந்த தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். உயிர் பிரிந்தபோது எந்தத் திதி நடந்ததோ அதுதான் அவர் திதி. ஒரே தேதியில் காலையில் ஒரு திதியும் மாலையில் இன்னொன்றும் இருக்கும். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம்.

அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் எள் இறைக்கும் வழக்கமில்லை. இளைய மாணவர்கள் ஆசையோடு வந்து இதைக் கேட்டு முகம் வாடுவார்கள். அவர்கள் அன்னதானச் செலவை ஏற்கட்டும், கோயிலில் விளக்குப் போடட்டும்.

குளித்து, தெற்குப் பார்த்து உட்கார வேண்டும். மோதிர விரலில் மூன்று புல் பவித்திரம், அதாவது தர்ப்பையில் முடிந்த மோதிரம். கறுப்பு எள்தான், வெள்ளை எள் ஆகாது. கையை வலப்பக்கம் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீர் வழிய விட வேண்டும். பெயர் சொல்லி மூன்று முறை. விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்கு விடுவதாகிவிடும். முதல் தடவையிலேயே எள்ளை அள்ளிவிடுகிறார்கள், அது ஈரக்கையில் ரேகைக்கு ரேகை அப்பிக்கொண்டு கீழே இறங்காது. ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரைத் தாராளமாக விட்டால் எள் தானே ஓடிவிடும்.

முடிந்ததும் கைகால் கழுவி, மனித முகத்தோடு இருக்கும் ஆதி விநாயகரையும் முக்தீஸ்வரரையும் தரிசித்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போகலாம். பேராசிரியரை நினைத்து வந்தவர்கள் சரஸ்வதியைப் பார்க்காமல் திரும்புவதா? மூன்று சோழ மன்னர்களின் அவையில் இருந்த ஒட்டக்கூத்தர் பெயரால் அமைந்த ஊர் அது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பழக்கத்தில் சாருடைய பெயர், நட்சத்திரத்தையே சொல்லிவிடுகிறார்கள். அர்ச்சனை இருக்கிறவர்களுக்கு. அவருடைய பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள்.

அம்மன் காலடியில் வைத்து வாங்கப் பேனா கொண்டுபோகிறவர்கள் மூடியில் ஒரு நூலாவது சுற்றிக்கொள்ளுங்கள். தட்டில் நாற்பது பேனா கிடக்கும், பாதிக்குமேல் ஒரே நீலம்.