சலம் சிவந்த காலை

வவுனியா மாவட்டத்தில் வாழ்கின்றவர்களுக்குச் சிறுநீரகம் என்ற பேச்சு எழுந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 1990களில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் முதன்முதலில் கவனித்த, சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத கமக்காரர்களின் சிறுநீரகத்தை ஓசையில்லாமல் அரித்துவிடும் அந்த நோய், மாகாண எல்லையோடு நின்றுவிடவில்லை. கடினமான கிணற்று நீர், அதிலுள்ள புளோரைட், வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆய்வாளர்களால் இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அது மாமாவைக் கொண்டுபோனது. இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிழமை தவறாமல் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, திரும்பி வரும்போது அவருடைய கைத் தழும்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு பேருந்தில் இருந்தவள் நான். அவர் போன பிறகு எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. சோறு வடிப்பதற்குக்கூட ஆர்.ஓ. தண்ணீர்தான்.

இந்தப் பின்னணியில்தான், பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்த ஒரு விடியற்காலையில், வெள்ளைக் கொமட்டுக்குள் என்னுடைய சலம் நன்னாரிச் சர்பத்தின் நிறத்தில் பரவுவதைக் கண்டேன். வலி இல்லை, எரிவு இல்லை, காய்ச்சலும் இல்லை. மாதவிலக்கு வந்து போய்ப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது, ஆகவே அந்த விளக்கமும் பொருந்தவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றுவதற்குக் கை எழவில்லை. ஊற்றினால் சாட்சியம் போய்விடும் என்று ஒரு மனமும், ஊற்றாவிட்டால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று இன்னொரு மனமுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் கால் வீங்கியிருந்த விதமும், கடைசி மாதங்களில் எந்தச் சாப்பாட்டையும் இரும்பு மணக்கிறது என்று அவர் தள்ளிவைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என் கணவரை மெல்லக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் போய் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். அவர் பேசாததுதான் என்னை மேலும் பயப்படுத்தியது.

வெளிநோயாளர் பிரிவில் இருந்த வைத்தியர் என்னுடைய மகளைவிடச் சில வயதே மூத்தவராக இருக்கக்கூடிய ஒரு பெண் பிள்ளை. நான் மாமாவின் கதையில் தொடங்கி மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார், கல்லுக்குரிய வலியோ சலக்கடுப்போ இருந்ததா என்று விசாரித்தார். பிறகுதான், "டீச்சர், நேற்றைக்கும் முந்தநாளும் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, பின்னேரத்தில் கண் இருட்டுகிறது என்று நான் முறையிட்டதற்கு, பக்கத்து வீட்டு அக்கா இரத்தம் ஊறட்டும் என்று சொல்லிக் கொடுத்தபடி, பச்சைப் பீற்றூட்டை அடித்து வடித்து இரவில் ஒரு பெரிய குவளை குடித்ததை அப்போது சொன்னேன். வைத்தியரின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து மறைந்தது. ஆனாலும் அவர் அந்தப் பதிலோடு என்னை அனுப்பிவிடவில்லை. போத்தலைக் கையில் தந்து ஆய்வுகூடத்துக்குப் போகச் சொன்னார். ஊகம் சரியாகவே இருந்தாலும் பார்த்து உறுதிசெய்கிறவர்தான் நல்ல வைத்தியர் என்பது என் எண்ணம்.

ஆய்வுகூடத்துத் தம்பி என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும், செய்வதை எனக்கும் காட்டினார். சலத்தில் தோய்த்து எடுத்த பட்டியில் இரத்தத்துக்கான மஞ்சள் கட்டம் பச்சையாக மாறவில்லை. பிறகு சலத்தைக் குழாயில் ஊற்றிச் சுழலவிட்டார். இரத்தமாக இருந்திருந்தால் செங்கலங்கள் அடியில் சிவப்பாகப் படிந்து மேலே உள்ள நீர் தெளிந்திருக்கும் என்றார். வெளியே எடுத்த குழாயிலோ அடியில் ஒன்றுமில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. நுணுக்குக்காட்டியிலும் செங்கலங்கள் தென்படவில்லை. பீற்றூட்டுக்கு நிறம் தருகிற பெற்றானின் என்ற சாயம் பெரும்பாலானோரின் வயிற்று அமிலத்திலும் குடலிலும் சிதைந்துவிடுகிறது; நூற்றில் 10 முதல் 14 பேர்வரையானோருக்கு அது சிதையாமல் இரத்தத்தில் சேர்ந்து சலத்தோடு இறங்குகிறது. சமைக்கும்போதும் அதில் ஒரு பகுதி அழிந்துபோகும் என்பதால், இத்தனை வருடமாகப் பீற்றூட் பால்கறி சாப்பிட்டும் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வைத்தியரிடம் திரும்பிப் போனபோது, நான் கேளாமலே அவர் ஒன்றைச் சொன்னார். ஒரு லீற்றர் சலத்தில் 1 மில்லிலீற்றர் இரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரியும், அது கல்லாலும் கிருமியாலும் கட்டியாலும் வரக்கூடும், ஆகவே சிவப்பைக் கண்டு ஓடி வந்தது நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து அந்தச் சிறுநீரக நோய் நிறம் காட்டி வருவது அரிது என்றார். தொடக்கத்தில் அதற்கு அறிகுறியே இருக்காது, இரத்தத்தில் கிரியற்றினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) சலத்தில் புரதமும் பார்த்தால்தான் பிடிபடும். மாமாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அவருடைய சலம் ஒருநாளும் சிவக்கவில்லை. அன்றைக்கே எனக்கும் கணவருக்கும் கிரியற்றினின் பார்க்கச் சொல்லி எழுதித் தந்தார். இருவருக்கும் சாதாரண அளவிலேயே இருந்தது.

எனக்கு மட்டும் இன்னொரு பரிசோதனையையும் எழுதியிருந்தார். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடத்தில் இந்தப் பீற்றூட் சிவப்பு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதோடு, நான் சொன்ன மூச்சு வாங்கலையும் அவர் மறக்கவில்லை. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்குப் பத்தை ஒட்டித்தான் இருந்தது, செங்கலங்களும் சிறுத்து வெளிறியிருந்தன. இரத்தம் ஊறுவதற்கென்று குடித்த பீற்றூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லையாம். எனக்கு ஒரு நாளைக்குத் தேவையானதோ ஏறக்குறைய 18 மில்லிகிராம். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை, நிறத்தைப் பார்த்தால் தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது இரும்பு மாத்திரை தொடங்கியிருக்கிறேன். தேத்தண்ணீரோடு சேர்த்து எடுக்கக்கூடாது, தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சும் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டைக் கையில் தரும்போது, "டீச்சர், நாளையிலிருந்து மலம் கறுப்பாகப் போகும். அது இந்த மாத்திரையின் நிறம்தான். அதுக்கும் விடியவே மோட்டார் சைக்கிளில் வந்து நிற்காதேங்கோ" என்றார் அந்தப் பிள்ளை.