நகலெடுக்கும் முன் அழிக்க வேண்டியவை

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தபோது, கல்லூரி திறப்பதற்குள் ஆய்வகத்தின் 60 கணினிகளிலும் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் வேலை எனக்கு வந்தது. கையில் நான்கு செட் சிடிக்கள் இருந்தன. விண்டோஸ், அதற்கான டிரைவர்கள், நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர்கள், ஆன்டிவைரஸ் எல்லாம் ஏறி முடிய ஒரு கணினிக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், நான்கு நான்காகப் போட்டுக்கொண்டே போய் ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து அறுபதாவது கணினியை முடித்தேன். ஆனால் அந்த 60 கணினிகளும் ஒன்றுபோல் இல்லை என்பது செய்முறைத் தேர்வன்றுதான் தெரிந்தது. ஒரு மாணவியின் நிரல் கம்பைல் ஆகவில்லை. தவறு அவருடையதா, கணினியுடையதா என்று தேர்வாளரால் சொல்ல முடியவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அந்த ஒரு கணினியில் மட்டும், கம்பைலர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பாத் அமைப்பை நான் செய்யாமல் விட்டிருந்தேன். அவர் இழந்த பத்து நிமிடங்களுக்கு நான்தான் பொறுப்பு. எல்லா மாணவர்களுக்கும் ஒரே தரமான கணினி கிடைக்க வேண்டுமானால் அதைக் கையால் அறுபது முறை செய்யக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

வழி ஏற்கெனவே இருந்தது. கணினியின் நெட்வொர்க் கார்டே இயங்குதளத்தைக் கேட்டு வாங்கும் பி.எக்ஸ்.இ. முறையின் 2.1 பதிப்பை இன்டெல் 1999லேயே வெளியிட்டிருந்தது. கணினியை இயக்கி எஃப்12 விசையை அழுத்தினால், அது முதலில், வலையில் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. மூலம் தனக்கொரு முகவரியையும், இயங்கத் தொடங்கத் தேவையான பூட் கோப்பின் பெயரையும் கேட்கும். பிறகு அந்தக் கோப்பை டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் இறக்கிக்கொள்ளும். டி.எஃப்.டி.பி. இயல்பில் 512 பைட் அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட்டை அனுப்பும். ஆகவே அது தொடக்கத்துச் சிறு கோப்புகளுக்குத்தான் பொருத்தம். ஒரு மாஸ்டர் கணினியின் வட்டை முழுதாக நகலெடுத்து வைத்த பெரிய இமேஜை வேறு வழியில்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா என்ற மென்பொருள். அது வட்டில் தரவு உள்ள பகுதிகளை மட்டுமே நகலெடுக்கும். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே ஓட்டத்தை எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து அனுப்பும். எங்கள் இமேஜ் 40 ஜி.பி. ஜிகாபிட் வலையில் ஒரு கணினிக்குப் பத்து நிமிடம் என்றால், தனித்தனியாக 60 கணினிகளுக்குப் பத்து மணி நேரம் ஆகும். மல்டிகாஸ்ட்டில் அறுபதும் ஏறக்குறைய அதே பத்து நிமிடத்தில் முடிய வேண்டும்.

முதல் முறை அப்படி முடியவில்லை. நிமிடத்துக்கு 4 ஜி.பி. வேகம் காட்ட வேண்டிய திரைகள் எல்லாம் 700 எம்.பி.யிலேயே நின்றன. சர்வரைப் பார்த்தேன், வட்டைப் பார்த்தேன், சுவிட்ச் அமைப்புகளைப் பார்த்தேன். எதிலும் குறை தெரியவில்லை. குளோன்சில்லாவின் மல்டிகாஸ்ட்டில் அனுப்புகிறவர் எல்லோரிடமிருந்தும் பதில் வரும்வரை காத்திருப்பார் என்பதும், ஆகவே கூட்டத்தில் மெதுவானவரின் வேகமே மொத்தக் கூட்டத்தின் வேகம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அறுபதில் அந்த ஒன்று எது என்பதுதான் தெரியவில்லை. ஆய்வகத்தைத் திறந்து பூட்டும் அட்டெண்டர், என்னைவிட இருபது வயது மூத்தவர், சுவிட்ச் ரேக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “தம்பி, எல்லா லைட்டும் பச்சையா எரியுதுங்க. இது ஒண்ணு மட்டும் மஞ்சளா இருக்குது.” அது 37ஆம் கணினியின் போர்ட். பச்சை என்றால் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட், மஞ்சள் என்றால் 100. கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பழுப்பு நிறக் கம்பி கனெக்டரின் நுனிவரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. 100க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் அன்றாட வேலையில் இந்தக் குறை யார் கண்ணிலும் பட்டதில்லை. புது கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்ததும் வேகம் ஏறியது. “அண்ணே, இனிமே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றேன். அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தோம்.

வேகம் கைவந்த பிறகுதான் உண்மையான கடினம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. ஒரு கணினியை அப்படியே நகலெடுத்தால், அதன் மென்பொருளோடு அதன் அடையாளமும் சேர்ந்து நகலாகிறது. விண்டோஸ் 7க்கு மாறிய ஆண்டில், வளாகத்துக் கணினிகளின் விண்டோஸ் உரிமங்களைக் கவனிக்கும் கே.எம்.எஸ். சர்வர் வழியாக உரிமத்தைச் செயல்படுத்த முயன்றேன். குறைந்தது 25 வெவ்வேறு கணினிகள் கேட்ட பிறகே அந்த சர்வர் அனுமதி தரத் தொடங்கும். 60 கணினிகள் கேட்டும் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவில்லை, ஏனென்றால் சிஸ்பிரெப் கருவியைக் கொண்டு மாஸ்டர் கணினியின் அடையாளங்களை நீக்காமலே நான் இமேஜ் எடுத்திருந்தேன். அறுபதும் ஒரே அடையாள எண்ணைச் சொன்னதால், சர்வர் அவற்றை ஒரே கணினியாகவே கணக்கிட்டது. நகல் கணினிகளின் எஸ்.ஐ.டி. என்ற பாதுகாப்பு அடையாள எண் ஒன்றாக இருப்பதால் பெரிய கேடு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வல்லுநர் மார்க் ருசினோவிச் 2009இல் விளக்கியிருந்ததைப் படித்துவிட்டு, சிஸ்பிரெப்பே தேவையில்லை என்று நானாக முடிவு கட்டியதுதான் காரணம். அவர் சொன்னது அதுவன்று. சிஸ்பிரெப் வேறு பல அடையாளங்களையும் புதுப்பிக்கிறது, அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று அதே கட்டுரையில் எழுதியிருந்தார்.

லினக்ஸில் இதே தவறு வேறு உருவில் வந்தது, அது இன்னும் நுட்பமானது. இணைக்கணிமைப் பயிற்சிக்காக எட்டுக் கணினிகளில் உபுண்டு சர்வர் 18.04ஐ நகல் எடுத்து ஏற்றினேன். எட்டும் ஒரே ஐ.பி. முகவரிக்குப் போட்டியிட்டன. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உரிய மேக் முகவரிகள் வேறு வேறாகத்தானே இருக்கின்றன என்று வெகுநேரம் குழம்பினேன். அந்தப் பதிப்பு டி.எச்.சி.பி.யிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது மேக் முகவரியைச் சொல்வதில்லை. மெஷின் ஐடி என்ற கோப்பிலிருந்து வருவிக்கப்பட்ட அடையாளத்தைச் சொல்கிறது, அந்தக் கோப்பு எட்டிலும் ஒன்றே. என்னை உண்மையில் அச்சுறுத்தியது அடுத்த விஷயம். தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். மூலம் அந்த முகவரிக்குள் நுழைந்தால் ஒருமுறை ஒரு கணினியிலும் மறுமுறை வேறொன்றிலும் போய் நின்றேன், ஆனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கணினியின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்.எஸ்.எச். சாவிகளும் நகலாகியிருந்ததால், ஆள் மாறியதை அறிய அந்த நெறிமுறைக்கு வழியே இருக்கவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்கென்றே உள்ள ஒரு பாதுகாப்பை, ஒரு மதிய நேரத்தில், கவனக்குறைவால் நான் பயனற்றதாக்கிவிட்டேன்.

அதன்பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். மாஸ்டர் கணினியில் என்னென்ன நிறுவ வேண்டும் என்ற பட்டியலைவிட, இமேஜ் எடுக்கும் முன் என்னென்ன அழிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் நீளமாக வளர்ந்தது: மெஷின் ஐடி கோப்பைக் காலியாக்குவது, எஸ்.எஸ்.எச். சாவிகளை நீக்கிவிட்டு கணினி முதல்முறை தொடங்கும்போதே புதிதாக உருவாக ஏற்பாடு செய்வது, நான் சோதனைக்காக பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கடைசியாகச் சொன்னது அணைக்கப்படாவிட்டால் வட்டு உறங்கும் நிலையில் இருக்கிறது என்று குளோன்சில்லா நகலெடுக்க மறுத்துவிடும், அது நல்லதே. பி.எக்ஸ்.இ. மெனுவில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி தன் சொந்த வட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதையும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். மெனுவின் இயல்புத் தேர்வு இமேஜ் ஏற்றுவதாக இருந்தால், வட்டுக்கு முன் நெட்வொர்க்கிலிருந்து தொடங்கும்படி அமைத்த ஒரு கணினியை யாரோ காலையில் சாதாரணமாக இயக்கினாலே அதிலுள்ள பாடவேலை முழுவதும் அழிந்துவிடும்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். போன ஆண்டு நான் சிஸ்பிரெப் முடித்து மாஸ்டர் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தபோது, அவர்களில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு அதை மறுபடி இயக்கிவிட்டார். அது தன் வட்டிலிருந்தே தொடங்கி, புது அடையாளங்களை உருவாக்கிக்கொண்டு, பெயர் கேட்கும் திரையில் வந்து நின்றிருந்தது. “சார், ஆஃப் ஆகியிருந்துச்சு, அதான் போட்டுவிட்டேன்” என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிஸ்பிரெப்பை மறுபடி ஓட்டி, அது எதையெல்லாம் அழிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்த ஜூனில் இமேஜ் எடுக்கும் வேலையை அவரே செய்தார். மாஸ்டர் கணினி அணைந்ததும் மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டி சிபியூவின் மேல் வைத்தார். பவர் பொத்தானின் மேல் “இமேஜ் எடுக்கும்வரை இயக்க வேண்டாம்” என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார்.