குதிக்காலில் தொடங்கியது

ஏப்ரல் 24, 2025

இன்றும் மருந்து ஏற்றியாயிற்று. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்க்குப் பெம்புரோலிசுமாப், மூன்று கிழமைக்கு ஒரு தடவை, அரை மணித்தியாலத்தில் இறங்கி முடிந்துவிடும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேரத்தான் அதைவிட நேரம் எடுக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என் தலைமயிரைப் பார்க்கிறார்கள். கொட்டாது, இது கீமோ இல்லை என்று எல்லோருக்கும் சொல்கிறேன். நம்முடைய வெள்ளணுக்களில் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, 1992இல் ஜப்பானில் ஹொஞ்சோவின் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தது, 2018இல் அவருக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்தித்தான் தப்பித்துக்கொள்கிறது, மருந்து அதை விடுவிக்கிறது. விடுபட்ட வெள்ளணு குடல், ஈரல், நுரையீரல், தைராய்ட் என்று நல்ல உறுப்பிலும் கை வைக்கலாம். வயிற்றோட்டம், மூச்சிளைப்பு, விடாத தலையிடி, எது வந்தாலும் உடனே போன் பண்ணுங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி ஓர் அட்டை தந்திருக்கிறார். கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

மே 2

சின்ன மாமி போனில், "நீ வெயிலுக்கே போறதில்லையே பிள்ளை, உனக்கு எப்பிடித் தோல் புற்றுநோய்?" என்று கேட்டார். என்னுடையது வெயிலால் வருவதில்லை. நம்மைப் போல் கறுத்த தோல்காரருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்தில்தான் வருகிறது. பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981இல் இறக்கும்போது அவருக்கு 36 வயது. என் குதிக்காலில் இருந்ததை முதலில் பார்த்தவர் கல் குத்திய கண்டல் என்று ஒயின்மென்ட் எழுதித் தந்தார். கறுப்பு, ஓரம் மட்டும் மண்ணிறம், ஒரு பக்கம் வளைந்து வளர்ந்தது. கவட்டில் நெறி கட்டிய பிறகுதான் பயோப்சி. அதற்குள் நுரையீரலிலும் போய்விட்டது. இதை வாசிக்கிறவர்கள் இன்றிரவு கால் கழுவும்போது அடிப்பாதத்தையும் ஒருமுறை பாருங்கள், தயவுசெய்து.

மே 14

வெசாக் லீவு இரண்டு நாளும் வயிற்றோட்டம். வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் சாப்பிட்டதுதான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள், ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசலும் கரைத்து வைத்தாயிற்று. நான் அங்கே ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்து டிஸ்பென்சரியில் அன்டிபயோடிக் கொடுத்து, ஓட்டத்தை நிறுத்தக் குளிசையும் எழுதினார்கள். அட்டையைக் காட்டினேன், கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குளிசையைப் போடாமல் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் போகிறதா, இரத்தம், சளி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

மே 17

வார்ட். கிருமி இல்லை என்று மலப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டு, குடலில் கமெரா விட்டு, அழற்சி என்று உறுதி செய்தார்கள். மருந்து செய்த வேலைதான். ஸ்டெரொயிட் ஊசி ஏற்றிய மறுநாளே வயிறு அடங்கத் தொடங்கியது. ஓட்டத்தை மட்டும் குளிசையால் அடக்கிக்கொண்டு வீட்டில் இருந்தால் குடல் துளைபடும் வரைக்கும் போகலாமாம்.

மே 30

பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டெரொயிட் குளிசை நாட்கள். விடிய இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன், கரையோர ரயில் பாதை பக்கம் நாய் குரைப்பதைக் கேட்டபடி. பசியோ பசி. இவர் இடியப்பமும் சொதியும் வைத்துத் தந்தார், சொதியில் உப்பில்லை என்று கத்தினேன், அவர் ஒன்றும் பேசாமல் உப்பை எடுத்து வந்தார். இரத்தத்தில் சீனியும் ஏறிவிட்டது. குளிசையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கே கிழமைக் கணக்கில் போகும்.

ஜூன் 19

எழும்ப முடியாத களைப்பு, இந்த வெக்கையிலும் கால் குளிர்கிறது. நோய் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன், மகளுக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதேன். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்ட் படுத்துவிட்டது. குடல் ஆறிவிடும், தைராய்ட் பெரும்பாலும் திரும்பி வராதாம், தைரொக்சின் குளிசை ஆயுளுக்கும். வெறும் வயிற்றில் போட்டு அரை மணியாவது கழித்துத்தான் பிளேன்ரீ. இது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. களைப்புக்கு ஒரு பெயர் கிடைத்ததே போதும்.

ஜூலை 10

புறங்கையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மாமியார் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார், நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்று. டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெலனோமாக்காரரில் இது வந்தால் மருந்து வேலை செய்கிறதற்கு நல்ல அறிகுறி என்றார். ஸ்கேனும் வந்திருக்கிறது. நுரையீரலில் இருந்தவை சுருங்கியிருக்கின்றன, கவட்டில் இருப்பது அப்படியே இருக்கிறது. பாதத்தில் வரும் வகை இந்த மருந்துக்கு மற்ற வகைகள் அளவுக்குக் கேட்பதில்லை என்று முன்பே ஒளிக்காமல் சொல்லியிருந்தார், அதனால் இந்த அளவே எங்களுக்குப் பெரிது. நிறுத்தி வைத்த மருந்தைத் திரும்பத் தொடங்கலாமா என்று கேட்டார். பிரெட்னிசொலோன் 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு, குடல் அமைதியாக இருந்தால். இவர் வேண்டாம் என்கிறார், வார்டில் என்னைப் பார்த்த பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை இரத்தம் கொடுக்க வேண்டும்.